பெட்ரோவா டாமியா

ஜூலை 3, செவ்வாய்

காலை முழுதும் தூறல். காயவைத்த மிளகாய் மறுபடி உள்ளே. தோட்டத்து முள்வேலிக் கதவில் சோதனைக்காரி என் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட் ஆட்களுக்கு அரிசி போகிறதாம். தோட்ட ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணியின் மனைவி என்றாலும் விலக்கில்லை. எனக்கு முன்னால் நின்ற, ரப்பர் பால்மரம் வெட்டுகிறவளின் மடியில் ஒரு பிடி சோறு. தரையில் கொட்டி மிதிக்கச் சொன்னார்கள். மிதித்தாள்.

மாலையில் காதரின் காப்பிக்கடை. முன்னால் ஆண்கள், பின்கட்டில் நானும் அவர் மனைவி மரியமும். இந்தத் தோட்டத்தில் நான் உட்கார்ந்து பேசுகிற ஒரே வீடு. ஆண்களுக்கு இன்றும் அதே தகராறு. யுத்தத்துக்கு முன் குத்துச்சண்டையில் பேர்போன மணிலா பெட்ரோவும் இப்போதைய சிகாகோ டாமியும் மோதினால் யாருக்கு வெற்றி? பெட்ரோ ஜப்பான்காரன் காலத்திலேயே செத்துப்போனான். டாமி இந்தப் பக்கம் வந்ததே இல்லை. என் வீட்டுக்காரர், இவர், டாமி கட்சி. காதர் பெட்ரோ கட்சி. மற்றவர்கள் காப்பி யார் வாங்கித் தருகிறாரோ அவர் கட்சி.

ஜூலை 5, வியாழன்

மீன்காரர் வரவில்லை. கருவாடு. தலைவலி.

கடையில் இன்று நடந்தது, பின்கட்டிலிருந்து பார்த்தது. இவர் மேசையைத் தட்டினார். "டாமியின்ரை கை நீளம் தெரியுமோ? பெட்ரோ கிட்ட வர முன்னமே விழுந்திடுவான். மூண்டு ரவுண்ட் தாங்கமாட்டான்."

காதர் சிரித்தார். "நீங்க பேப்பர்ல படிச்சீங்க கிராணி ஐயா. நான் சிங்கப்பூர்ல கயித்துக்குப் பக்கத்துல நின்னு பாத்தவன். பெட்ரோ வேர்வை எம்மேல தெறிச்சிச்சு."

"பார்த்தவனெல்லாம் விளங்கினவனோ?"

"சரி, எந்திரிச்சு நில்லுங்க. வயித்துல எப்படிக் குத்துவான்னு காட்டுறேன்."

காதர் குத்தவே இல்லை. கையை ஓங்கினார், அவ்வளவுதான். இவர் பின்னால் நகர்ந்து, பெஞ்சு தடுக்கி, மல்லாந்து விழுந்தார். வெள்ளைக் கால்சட்டை முழுக்கக் காப்பி. தோட்ட மருந்தகத்து டிரெசர் மாணிக்கம் குனிந்து பத்து வரை எண்ணினார். வேலை வாங்கும் மண்டோர்கள் சிரித்தார்கள். லயத்து ஆட்களும் சிரித்தார்கள், இவர் கையால் பேர் பதிந்தால்தான் வேலை என்கிற ஆட்கள்.

காதர்தான் கைகொடுத்துத் தூக்கினார். இவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

கால்சட்டையில் கறை போகவில்லை. இரண்டு முறை துவைத்தாயிற்று.

ஜூலை 8, ஞாயிறு

வெயில். ஆபீசுக்கு போலீஸ் ஜீப். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், தமிழ் தெரியாதவர். வேலிக்கு வெளியே அரிசி யார் மூலம் போகிறது என்று விசாரணை. மொழிபெயர்க்க இவர்.

சாப்பிடும்போது தானாகச் சொன்னார். "காதரின்ரை கடைப் பின்கதவு இரவிலை திறந்து கிடக்கிறது எண்டு அந்த வெள்ளைக்காரனிட்டைச் சொன்னனான்."

"நீங்கள் பார்த்தனீங்களோ?"

"பார்க்க வேணுமோ?"

ரசம் கேட்டார். ஊற்றினேன்.

அந்தப் பின்கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. மரியம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், சரிசெய்ய வேண்டும் என்று. இவருக்கு அது எப்படித் தெரியும்? நான் சொல்லித்தான்.

ஜூலை 9, திங்கள்

விடிவதற்குள் காதரைக் கூட்டிப்போய்விட்டார்கள். உடுத்திய சாரத்தோடே. கடைக்கு முத்திரை. அரிசி மூட்டைகள் லோரியில். மரியம் முன்வாசலில் உட்கார்ந்திருந்தாள், தண்ணீர் எடுக்கப் போனவர்கள் அவளிடமிருந்து ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வாழைக்காய்ப் பொரியல், பருப்பு. இவருக்கு நல்ல பசி.

ஜூலை 10, செவ்வாய்

மரியம் வந்தாள். சமையற்கட்டு வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

"யம்மா, கிராணி ஐயா ஒரு வார்த்தை இங்கிலீசுல சொன்னா விட்டுருவாகளாம். எவனோ பொய் சொல்லிக் குடுத்திருக்கான்."

யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துதான் அப்படிக் கேட்டாளோ. முகத்தில் ஒன்றும் இல்லை.

"அவரிட்டைச் சொல்லிப் பார்க்கிறன்," என்றேன்.

பிறகு அவளே பேசினாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "சிங்கப்பூர்ல குத்துச்சண்டை பாத்தேன்னு இவுக சொன்னதுகூட சும்மாம்மா. நாங்க கப்பல்ல பினாங்குல வந்து எறங்குனவங்க. இவுக சிங்கப்பூரு போனதே இல்ல. கடைக்கு நாலு பேரு வரணுமேன்னு சொன்னது. அதுல ஐயாவுக்கு மனசு நொந்திருந்தா மன்னிக்கச் சொல்லுங்க."

ஆக, இரண்டு பேருமே பார்க்கவில்லை.

இவரிடம் சொல்லவில்லை. மன்னிப்பையும் சொல்லவில்லை, சிங்கப்பூரையும் சொல்லவில்லை. ஏன் என்று எழுத இஷ்டமில்லை. துணி நனைந்துவிட்டது.

ஜூலை 14, சனி

டிரெசர் குவாலா சிலாங்கூர் போய் வந்தார். லாக்கப்பில் காதருக்கு வைத்தியம் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்களாம். முன்பற்கள் இல்லை. இடது காது கேட்கவில்லை.

இதை மருந்தகத்து வராந்தாவில் வைத்துச் சொல்லியிருக்கிறார். கடை மூடிய பிறகு ஆண்கள் கூடுவது அங்கேதான். ஒரு மண்டோர், "எத்தன ரவுண்டு நின்னாராம்லா?" என்று கேட்டானாம். எல்லாரும் சிரித்தார்களாம். இவர் என்னிடம் சொல்லும்போதும் சிரித்தார்.

சர்க்கரை தீர்ந்துவிட்டது. ரேஷன் திங்களன்று.

ஜூலை 17, செவ்வாய்

காதரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப உத்தரவு. மரியமும் கூடவே. ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு தையல் மெஷின். மெஷினை லோரியில் ஏற்ற விடவில்லை. அதைப் பார்த்தபடியே ஏறினாள். நான் ஜன்னலில் நின்றேன். கையை உயர்த்தினேனா இல்லையா என்று நினைவில்லை. அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மாலைக்குள் மெஷினை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

ஜூலை 20, வெள்ளி

இவர் மருந்தக வராந்தாவிலிருந்து சீக்கிரமே திரும்பினார். முகம் சரியில்லை.

"டாமிதான் எண்டு சொன்னன். எல்லாரும் ஓம் எண்டாங்கள்."

"நல்லதுதானே."

"பிறகு, யோசிச்சால் பெட்ரோதான் வெல்லுவான் எண்டு சொன்னன். சும்மா. ஆராவது மறுத்துக் கதைக்கட்டும் எண்டு. அதுக்கும், 'ஆமாங்கய்யா, பெட்ரோதான்' எண்டாங்கள்."

"டிரெசர்?"

"அவன்தான் முதல் ஆள்."

இன்னொன்று இவர் சொல்லவில்லை, ஆபீஸ் கூட்டுகிறவள் சொன்னாள். இவர் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் பக்கத்தில் ஆள் இருப்பதில்லையாம். எழுந்து நின்றே பேசுகிறார்களாம்.

ஜூலை 22, ஞாயிறு

மழை விட்டது. மீன்காரர் வந்தார். நல்ல கானாங்கெளுத்தி. புளி கரைத்துக் குழம்பு.

இவர் இன்று வராந்தாவுக்குப் போகவில்லை. சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு, "நீ சொல்லு. பெட்ரோவோ டாமியோ?"

"எனக்கென்ன தெரியும்."

"டாமி எண்டு நான் சொல்லுறன்."

"நீங்கள் சொன்னால் சரிதான்."

"இல்லை, பெட்ரோ."

"சரி. பெட்ரோ."

என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. குரல் தாழ்ந்துவிட்டது. "ஒருக்கா மறுத்துச் சொல்லன். ஒரே ஒருக்கா."

"நீங்கள் சொன்னால் சரிதான்," என்றேன்.

கையைக் கழுவாமலே எழுந்து போனார். மீன் இரண்டு துண்டு மிச்சம். நான் உட்கார்ந்து, நிதானமாக, இரண்டையும் சாப்பிட்டேன்.