ஊரில் இல்லாத மருத்துவர்களின் பட்டியல் குறித்து

அனுப்புநர்:
வெங்கடசாமி,
கிடங்குத் தொழிலாளி,
ரராவாய், பா, பீஜி.

பெறுநர்:
உயர்திரு பாலசுப்பிரமணி அவர்கள்,
தொழிலாளர் நல அதிகாரி,
பா நகரம்.

பொருள்: அடிபட்ட காலுக்கு நானே மருத்துவரைத் தேர்ந்தெடுக்க அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கோயில் கமிட்டியில் தாங்கள் தமிழில் குறிப்பெழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் இம்மனுவைத் தமிழில் எழுதுகிறேன். நான் தமிழில் சொன்னதை வேறொருவர் ஹிந்தியில் கேட்டதால் வந்த வினை பின்வருமாறு.

1. அக்டோபர் 28, புதன்கிழமை, நான் வேலை செய்யும் மளிகைக் கிடங்கில் பருப்பு மூட்டை ஒன்று என் இடது பாதத்தில் விழுந்தது. விபத்தைப் பதிய அலுவலக ஜன்னலுக்கு நொண்டிப் போய், வலி தாங்காமல் 'கால், கால்' என்று கத்தினேன். குமாஸ்தா செல்வி சரோஜ் தங்கமான பெண். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் தமிழ் வராது. நெடிலைக் குறிலாகக் கேட்டு, 'அச்சா மாமா, கல்' என்று ஜன்னலைச் சாத்திவிட்டார். ஹிந்தியில் 'கல்' என்றால் நாளை. நேற்றுக்கும் அதே சொல்தான். என் நேரம், அவர் நாளையை எடுத்துக்கொண்டார்.

2. இதனால் மறுநாள்தான் பதிவேட்டைத் திறந்து, விபத்து 29ஆம் தேதி நடந்ததாகப் பதிந்துவிட்டார். 29ஆம் தேதி நான் வீட்டில் படுத்துக் கிடந்தேன். விபத்து நாளன்று அனுமதியின்றி வரத் தவறியதாக எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

3. தேதியை எப்படியோ திருத்தியாயிற்று. பிறகு மேலாளர் ஒரு பட்டியலை நீட்டி, மூன்று மருத்துவர்களில் என் விருப்பம்போல் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார். அது மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன் அடித்த பட்டியல். அதற்குப் பிறகு நம்மவர்கள் பலர் நாட்டைவிட்டே போய்க்கொண்டிருப்பது தாங்கள் அறிந்ததே. முதலாமவர் ஜூன் மாதமே ஆக்லாந்து போய்விட்டார். இரண்டாமவர் வான்கூவரில் இருக்கிறார். அவர் வீட்டில் இப்போது கோழி வியாபாரி யோகேந்திரா குடியிருக்கிறார். அவர் என் பாதத்தைப் பார்த்து மிகவும் வருத்தப்பட்டார்; வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. மூன்றாமவர் ஊரில் இருக்கிறார், ஆனால் பல் மருத்துவர். காலைக் காட்டினேன். பழக்கதோஷத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, சொத்தை என்று கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார். இப்போது இரண்டு இடத்தில் வலிக்கிறது.

4. கடைசியில், பட்டியலில் இல்லாத டாக்டர் ஊர்மிளா வீட்டுக்குப் போனேன். பயணத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர், கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என் பாதத்தைப் பார்த்தார். எலும்பு விலகியிருக்கிறது, இந்த வாரமே சரிசெய்யாவிட்டால் ஆயுளுக்கும் நொண்ட வேண்டியதுதான் என்றார். வியாழக்கிழமை தாமே செய்வதாகவும் சொன்னார். சனிக்கிழமை அவரும் சிட்னி போகிறார்.

5. பட்டியலில் இல்லாதவரிடம் போனால் வேலை போய்விடும் என்கிறார் மேலாளர். நொண்டிக்கொண்டு மூட்டை தூக்க முடியாது. அப்படியும் வேலை போய்விடும். உண்மையைச் சொன்னால் பயமாக இருக்கிறது, ஐயா.

நீயும் விமானம் ஏறி அங்கேயே போய் வைத்தியம் பார்த்துக்கொள்ளேன் என்று சிலர் சொல்கிறார்கள். என்னைக் கூப்பிட வெளிநாட்டில் ஆளில்லை. போக மனமும் இல்லை.

ஆகவே, டாக்டர் ஊர்மிளாவிடம் வைத்தியம் செய்துகொள்ள வியாழனுக்குள் எழுத்து மூலம் அனுமதி பெற்றுத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன். போகிறவர்களை விமானம் தூக்கிக்கொண்டு போகிறது. இங்கேயே இருக்கிறவன் நடந்துதான் ஆகவேண்டும்.

இடம்: ரராவாய்
நாள்: 9.11.1987

எழுந்து நிற்க முடியாததால் உட்கார்ந்தபடியே வணங்கும்,
(ஒப்பம்) வெங்கடசாமி