கரிக்கோடு போட்ட முட்டை

அன்பு மகள் ரோதிக்காவுக்கு அப்பா எழுதுவது. நீயும் உன் பொறுப்பில் இருக்கும் அந்த இத்தாலியக் கிழவியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம், ஆறு கோழிகளும் சுகம், அம்மா இப்போது சுகம். இந்த "இப்போது" என்ற வார்த்தையைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருக்கும், தெரியும். போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுவாய், கூடவே நானும் அழுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும், அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

பனியில் சறுக்கி அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது உனக்குத் தெரியும். கோழிக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது விழுந்தாள் என்பதும் தெரியும். ஆனால் அன்றிலிருந்து அந்தக் கோழிகளோடு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நாற்பது வருஷம் ரயில் எஞ்சினைப் பிரித்து மாட்டியவன் நான், கோழிக்கூட்டுக்குள் ஒருநாளும் தலை நீட்டியதில்லை, அது அவள் ராஜ்யம். ஒரு கோழிக்குத் தினமும் எத்தனை பிடி சோளம்? உருளைக்கிழங்குத் தோல் போடலாமா? கொண்டைக்காரி மற்றவற்றின் முதுகைக் கொத்துகிறாளே, அது சண்டையா, நோயா? யாரைக் கேட்பது சொல். பக்கத்து வீட்டு ஆங்கெலினாவைக் கேட்டால், "நாப்பது வருஷமா முட்டைய மட்டும் தின்னீங்களே, எங்கேருந்து வருதுன்னு ஒருநாளாவது பாத்தீங்களா?" என்று சிரிக்கிறாள். எனக்கு மானம் போகிறது.

முதல் வாரம் தினமும் மூன்று நான்கு முட்டை கிடைத்தது. பிறகு இரண்டு, பிறகு ஒன்று, பிறகு ஒன்றுமே இல்லை. குளிர் தாங்கவில்லையோ என்று கூட்டைச் சுற்றிச் சாக்கு கட்டினேன். பசியோ என்று மிச்சமான சோளக்களியைக் கட்டி கட்டியாகப் போட்டேன். அவை சாப்பிட்டன, கொழுத்தன, முட்டை மட்டும் இல்லை. ஆஸ்பத்திரியில் அம்மா வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, நான் உள்ளே நுழைந்ததும் "கோழிங்க எப்படி?" என்பதுதான் முதல் கேள்வி. நான் என்ன சொல்வேன்? "நாலஞ்சு முட்டை வருது சவேத்தா" என்றேன். அப்படியானால் கொண்டுவா என்றாள். போச்சா! கடையில் வாங்கினேன். கடை முட்டையில் சிவப்பு மையில் எண் குத்தியிருக்குமே, அதை வினிகர் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எடுத்து, அவித்துக் கொண்டுபோனேன். அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்தாள், மேசைமேல் வைத்தாள். தப்பித்தேன் என்று நினைத்தேன் பாவி.

மகளே, அதற்குப் பிறகு அவள் கோழியைப் பற்றிக் கேட்கவே இல்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. நடைவண்டியைக் கொண்டுவந்து எழுந்து நில் என்றால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இந்த வாரம் நிற்காவிட்டால் இனி எப்போதும் நிற்க மாட்டார் என்று சொல்லிவிட்டார். இதை உன்னிடம் மறைத்தேன், தப்புதான். கடைசியில் பக்கத்துக் கட்டில் அம்மாள்தான் என்னை வராந்தாவில் நிறுத்திச் சொன்னாள்: "ஆறு கோழி போட்ட முட்டை ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்குமா? வினிகர் வாடை வேற. கோழியெல்லாம் செத்துப்போச்சு, மனுஷன் சொல்லப் பயந்துக்கிட்டுப் பொய் சொல்றாருன்னு உங்க சம்சாரம் அழுவுறாங்க. எனக்குன்னு அங்க இனி என்ன இருக்குன்னு கேக்குறாங்க."

சத்தியம் பண்ணினாலும் இனி நம்புவாளா? மறுநாள் மார்ச் ஒன்று, வசந்தம் பிறந்ததென்று பெண்களுக்குக் கயிறு கொடுக்கிற நாள். சட்டைப்பையில் அவளுக்குச் சிவப்பு வெள்ளைக் கயிறு, கடைத்தெருப் பையில் கழுத்தில் இறகில்லாத நம் மொட்டைக் கழுத்துக் கோழி, மேலே ஒரு சால்வை. பேருந்தில் மூச்சுவிடாமல் வந்த அந்தச் சனியன், வார்டு வாசலில் நுழைந்ததும் கொக்கரித்ததே பார்! தலையை வெளியே நீட்டியதும் பக்கத்துக் கட்டில் அம்மாள், "ஐயோ, பாதி உரிச்ச கோழிய எதுக்கு உசிரோட கொண்டாந்தீங்க?" என்று அலறினாள். அம்மா திரும்பினாள். கோழியைப் பிடுங்கி மடியில் கவிழ்த்து, இறக்கைக்கடியில் கைவிட்டு, வயிற்றை அழுத்திப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்: "ஏன்யா, இது கோழியா, வாத்தா? களியப் போட்டியா? புத்தி இருக்கா உனக்கு? இது முட்டை போடுற கோழிதான், எங்கயோ ஒளிச்சுப் போடுது. கூட்டுல கரிக்கோடு போட்ட முட்டை ஒண்ணு விட்டு வச்சிருந்தேனே, அது எங்க?"

அது கெட்ட முட்டைக்கு அடையாளம் என்று நினைத்து முதல் நாளே எருக்குழியில் எறிந்துவிட்டேன் மகளே! கூட்டைத் துடைத்து, இருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் எடுத்து, சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று பெருமை வேறு பட்டுக்கொண்டிருந்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒண்ண விட்டு வைக்கணும்யா. எல்லாத்தையும் எடுத்துட்டா அது எதப் பாத்துத் திரும்பி வரும்?" என்றாள். என்னைத் திட்டுகிற வேகத்தில் காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கியிருந்தாள், அவளுக்கே தெரியவில்லை. நர்ஸ் ஓடிவந்தாள், கோழியையும் என்னையும் வெளியே துரத்தினாள், ஆனால் நடைவண்டியை அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் துரத்தினாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். நின்றாள் ரோதிக்கா. உன் அம்மா நின்றாள்.

வீட்டுக்கு வந்து தேடினேன். விறகுக் கொட்டகையில், பிளம் பழம் ஊறப்போடும் பழைய தொட்டிக்குப் பின்னால், பத்தொன்பது முட்டை. ஒன்றில் கரியால் கோடு போட்டுக் கூட்டில் வைத்தேன். மூன்றாம் நாள் பக்கத்தில் இன்னொன்று இருந்தது.

பதினாறாம் தேதி அம்மாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவளால் படி ஏற முடியாது, உன் அறை சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் உன் கட்டிலைப் பிரித்துப் பரணில் போட்டுவிட்டு அவள் கட்டிலை அங்கே போடலாம் என்று சொன்னேன். நீயும்தான் ஆறு வருஷமாக வரவில்லையே. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "அவ கட்டிலத் தொட்டே, பாத்துக்கோ. நான் அடுப்புப் பக்கத்துல படுத்துக்கிறேன். எல்லாத்தையும் எடுத்துட்டா அவ மட்டும் எதப் பாத்து வருவா?"

இன்னொரு சந்தேகம். ஓடில்லாத தோல் முட்டை போடுகிற கோழிக்கு முட்டை ஓட்டைப் பொடித்துப் போடலாமா, அப்படிப் போட்டால் சொந்த முட்டையையே கொத்தப் பழகிவிடும் என்கிறாளே ஆங்கெலினா, அது நிஜமா? அதை மட்டும் போனில் சொல், அம்மாவைக் கேட்டால் இன்னும் திட்டுவாள். குளிரில் வெறும் தலையோடு வெளியே போகாதே. ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், நீ எடுத்ததெல்லாம் நல்லபடி முடியட்டும். ஈஸ்டருக்கு முட்டைக்குச் சிவப்புச் சாயம் போடும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

உன் கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நேற்று விரிப்பு மாற்றினேன்.

உன் அப்பா,
பாம்ஃபில்