கடைசிப் பக்கத்து நன்றி

ஐப்பசி ஒன்பது, புதன்.

கோபத்தில் சோறு இறங்கவில்லை. என் மகள் மலர் செத்து நாலு மாதம் கழித்து, அவளுடைய ஆராய்ச்சி சார் இன்றைக்குத்தான் கீரமங்கலத்துக்கு வந்தார். துக்கம் கேட்க வந்தார் என்று நினைத்தேன். அவளுடைய நோட்டைக் கேட்டார். கண்ணாடியில் பெரோவ்ஸ்கைட் என்று ஒரு மருந்தைப் பூசி வெயிலில் கரண்டு எடுப்பதுதான் அவள் வேலை. ஈரத்தில் அந்தப் பூச்சு கெட்டுவிடுமாம். கெடாமல் பூசுகிற பக்குவம் நோட்டில்தான் இருக்கிறதாம்.

அச்சுக்குப் போகிற கட்டுரையையும் காட்டினார். மகள் பெயரை மட்டும் எனக்கு இங்கிலீசில் வாசிக்கத் தெரியும். எழுதினவர்கள் என்று மேலே நாலு பெயர்கள் இருந்தன. அவள் பெயர் இல்லை.

"அவ பேரு எங்கிட்டு இருக்கு சார்?"

"கடைசியில நன்றி போட்டிருக்கோம்மா. மேல பேரு வரணும்னா அவங்கவங்களே சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும், ஆள் இல்லாம போட முடியாதுங்க."

"நன்றி சொல்ல அவ என்ன ஒங்களுக்கு டீயா வாங்கிக் குடுத்தா?"

நோட்டைப் பிரித்துக் காட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் தேதி போட்டு அவள் கையெழுத்து இருந்தது.

"இத்தனை கையெழுத்து பத்தாதா? பேரை மேல ஏத்திட்டு வாங்க, தாரேன்."

"அந்த நோட்டு இல்லாம எங்களுக்கு ஒண்ணும் ஓடாதும்மா" என்றார்.

ஓடாமல் கிடக்கட்டும். அவள் இல்லாமல் நாலு மாதமாக நான் திண்டாடவில்லையா? அவரும் கொஞ்சம் திண்டாடட்டும்.