பெயர் கத்தரித்த மாத்திரை

4, செவ்வாய்.
காலையிலேயே வெயில். பேரையூரிலிருந்து பஸ்ஸில் மதுரை. மகள் தேவிக்கு எட்டாம் மாத ஸ்கேன். குழந்தையைச் சுற்றியுள்ள நீர் குறைந்திருக்கிறதாம்.

"என்னம்மா மாத்திரை போட்டே?" என்றார் டாக்டரம்மா. இடுப்பு வலிக்கு ஐந்து நாளாக நான் வாங்கிக் கொடுத்த செட் மாத்திரை, கடையில் ரெண்டு மூணு வகை சேர்த்துக் கட்டித் தருவது. மீதிப் பொட்டலத்தைப் பெருமையாக நீட்டினேன். அட்டையில் பெயர்ப் பக்கம் கத்தரித்திருந்தது. மிஞ்சிய நாலெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"இந்த வலி மாத்திரை அஞ்சு மாசத்துக்கு மேல ஆகாதுங்க. பிள்ளையோட கிட்னியைப் பாதிக்கும், இருதயத்துக்கும் ஆகாது. இன்னையோட நிறுத்துங்க. வலிச்சா பாரசிட்டமால், அதுவும் என்னைக் கேட்டு."

அடுத்த செவ்வாய் மறு ஸ்கேன். அதற்குள் நீர் ஏற வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் தேவியின் கை வயிற்றிலேயே.

கொடுத்தவன் மருந்துக்கடைப் பாண்டி. இருடா.

5, புதன்.
பாண்டியை என்ன செய்யலாம்:
- பைக்கில் காற்றைப் பிடுங்குவது. (குனிந்தால் நான் எழ முடியாது.)
- கடை வாசலில் வைத்து நாறடிப்பது.
- மருந்து ஆய்வாளருக்கு மனு. எட்டாவது படித்தவன் மனு. பிழை இருக்கும், கோபமும் இருக்கும்.

மாப்பிள்ளை போன்: "என்ன மாத்திரைன்னு கேக்க மாட்டீகளா மாமா?" தங்கமான மனுஷன். இன்றைக்குப் பிடிக்கவில்லை.

6, வியாழன்.
கூட்ட நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போனேன்.

"ஏன்டா பாண்டி, மாசமா இருக்கிற புள்ளைக்கு இதையாடா குடுப்பே?"

"கத்தாதீக அண்ணே. யாருக்குன்னு கேட்டேன்ல? 'எனக்குத்தான், மம்பட்டி பிடிச்சு இடுப்பு போச்சு'ன்னீக."

வரிசையில் நின்ற அம்மா: "அப்ப இவருக்கு எத்தனாவது மாசமாம்?"

கடையே சிரித்தது.

உண்மைதான். மாத்திரை வாங்கின அன்று கடையில் நாலு ஆம்பளைகள். மகள் உண்டாகியிருப்பதைச் சொல்லக் கூச்சம். இடுப்பைப் பிடித்து நடித்தும் காட்டினேன்.

கோபம் குறையவில்லை. அதை வாங்கிக்கொள்ள இன்னொரு ஆளாக நானும் சேர்ந்தேன், அவ்வளவுதான். ராத்திரி உட்கார்ந்து மனுவை எழுதினேன்.

11, செவ்வாய்.
தூறல். மறு ஸ்கேன். டாக்டரம்மா வெகுநேரம் திரையையே பார்த்தார். "ஏறியிருக்கு. பிள்ளை நல்லா இருக்கு." தேவி அழுதாள். நான் வராந்தாவில் போய் மூக்கைச் சிந்தினேன்.

"அந்த மனுவைக் கிழிச்சுப் போடுங்கப்பா. நம்ம மேலயும் தப்பு இருக்குல்ல."

"அதையும் எழுதிட்டேன்த்தா."

அவளை ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையோடு உட்காரவைத்துவிட்டு ஆய்வாளர் ஆபீஸ். கிளார்க் மனுவைக் கடைசிவரை படித்தார். "டாக்டர் சீட்டு இல்லாம, பேரைக் கத்தரிச்சுக் குடுத்தான், சரி. நான் பொய் சொல்லி வாங்கினேன்னு ஏன் எழுதியிருக்கீங்க? அவன் தப்பிச்சுக்குவான். அந்த வரியை அடிச்சிரவா?"

"வேணாம் சார். ரெண்டு பேரும் மாட்டட்டும்."