நாய்கள் வந்த தெரு

செவ்வாய்க்கிழமை, இரவு.

சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களைத் தினமும் நடக்க அழைத்துப் போக நான் பயிற்சி கொடுப்பவர்களில் மல்லிகாதான் கெட்டிக்காரி. இன்று காலை முதல் முறையாக என் விசிலைக் கொடுத்துக் குழுவை அவளிடம் விட்டுவிட்டு, நான் தூரத்தில் பின்தொடர்ந்தேன்.

கோட்டையூரில் பெரிய வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் இரண்டு நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன. முதலில் ஓடியது மல்லிகாதான். அவளைப் பார்த்து எல்லோரும் ஓடினார்கள். முழங்கால் வலியுள்ள சிவகாமி அக்கா மட்டும் ஓட முடியாமல் நடுத்தெருவில் நின்றுவிட்டார். நான் கத்திக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் நாய்கள் அவரை முகர்ந்துவிட்டு விலகிப் போய்விட்டன.

சாயங்காலம் மல்லிகா விசிலைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்.

"என்னை நம்பித்தானே ஒப்படைச்சீக? அவுகளை விட்டுப்புட்டு ஓடிட்டேங்க்கா. வேற ஆளைப் பாத்துக்கங்க."

நான் வாங்கவில்லை. அவளைச் சிவகாமி அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். ஏசுவார் என்றுதான் நினைத்தேன்.

"நாளைக்கும் வருவேன். ஆனா நீ முன்னால போகாத, ஆத்தா. என் பக்கத்துலயே நட," என்றார். மல்லிகா அழுதுவிட்டாள்.

நாய் வந்தால் ஓடக் கூடாது, எல்லோரும் சேர்ந்து நிற்க வேண்டும் என்று நான் சொல்லித் தரவே இல்லை. தெருவை மாற்றிவிடு என்கிறார் என் வீட்டுக்காரர். மாற்ற மாட்டேன். நாளைக்கும் அதே தெருதான். எப்படி நிற்பது என்று நானே முன்னால் நின்று காட்டப் போகிறேன்.

எனக்கும் நாய் என்றால் பயம். அதை மட்டும் அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை.