இரண்டு கை ஊற்றிய தண்ணீர்

மதினி,

இன்று காலை ஜன்னலோரம் உங்கள் மருமகள் வைத்திருந்த சின்னக் கற்றாழைத் தொட்டியை நகர்த்தினேன். அந்த வாடை வந்தது. அழுகிய உருளைக்கிழங்கும் சேறும் கலந்த வாடை. இலையைத் தொட்டேன், கழன்று கையோடு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மருமகள் பயந்துபோய், "என்ன செய்யுது?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஐம்பதுகளின் கடைசி. கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணியின் பங்களாவில் அண்ணன் தோட்டக்காரர். பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறை நமக்கு. புருஷன் செத்து நான் உங்களிடம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஏதோ ஒரு கோபத்தில் நீங்கள், "வந்த எடத்துல அடங்கி இருக்கப் பழகணும்" என்றீர்கள். அன்றிலிருந்து இரண்டு மாதம் உங்களோடு நான் பேசவில்லை. நீங்கள் சமைத்து இறக்கிய பிறகு அதே அடுப்பில் நான் தனியாக உலை வைப்பேன். அண்ணன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போய்விடுவார்.

அந்த ஐப்பசியில்தான் அண்ணன் பெருமாள்மலை ரோட்டில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். துரைசாணி கண் ஆபரேஷனுக்காக மெட்ராஸ் போயிருந்தார். மதுரை ஆஸ்பத்திரிக்கு லாரியில் ஏற்றும்போது, வலியோடு அண்ணன், "கண்ணாடி வீட்டுச் செடிகளப் பாத்துக்கங்க" என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை. எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் என்றும் சொல்லவில்லை. நாம் இருவரும் தலையாட்டினோம்.

அந்தக் கண்ணாடி வீட்டில் அறுபது தொட்டிகளுக்கு மேல் இருந்தன. எல்லாம் தடித்த இலைச் செடிகளும் கள்ளிகளும். நடுவில் இருந்த பெரிய கள்ளி, துரைசாணியின் புருஷன் உயிரோடிருந்தபோது வைத்தது. அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் துரைசாணி காப்பி குடிப்பார்.

நான் தினமும் சாயங்காலம் ஊற்றினேன். மண் ஏற்கெனவே நனைந்திருக்கும். மழைக்கால ஈரம் என்று நினைத்துக்கொள்வேன். இலைகள் தொங்கத் தொடங்கின. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஒரு செம்பு ஊற்றினேன்.

பத்து நாளில் வருவதாகத் துரைசாணியின் கார்டு வந்தது. அன்று சாயங்காலம்வரை பொறுக்காமல் விடிந்ததுமே போனேன். நீங்கள் பூவாளியோடு நின்றிருந்தீர்கள். என் கையில் குடம். நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள்.

"நீயும் ஊத்துனியா?"

"தெனமும். சாயங்காலம்."

"நான் வெள்ளனே வந்து ஊத்திட்டுத்தான போறேன்."

இரண்டு மாதத்துக்குப் பிறகு நாம் பேசியது அதுதான். நீங்கள் ஒரு தொட்டியைக் கவிழ்த்தீர்கள். மண் கூழாக விழுந்தது. வேர் கறுத்து, நூல் போல் இற்றுப்போயிருந்தது. "அவருக்கு வேல போச்சு. வீடும் போச்சு" என்று மெதுவாகச் சொன்னீர்கள்.

பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, "வடகவுஞ்சியில எங்க காட்டுல உருளைக்கெழங்கு வெதைய வெட்டிச் சாம்பல்ல பொரட்டி ஆறப் போடுவோம். இதையும் அப்படிச் செஞ்சு பாப்போம். வெரசா வா" என்றீர்கள்.

எல்லாத் தொட்டியையும் கவிழ்த்தோம். ஈரமண்ணை உதறி, கறுத்த வேரையும் குழைந்த தண்டையும் வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டினோம். "ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியக் கொதிக்கிற தண்ணியில முக்கு. அழுகல் ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்கு ஏறும்" என்றீர்கள். வெட்டிய வாயில் சலித்த அடுப்புச் சாம்பலைத் தடவினோம். முறங்களில் பரப்பினால் வெளியே மூடுபனி, எதுவும் காயாது. சமையலறைக்குக் கொண்டுவந்து அடுப்புக்கு எட்டடி தள்ளி வைத்தோம். கிட்டே வைத்தால் வெந்துபோகும், இன்னும் தள்ளி வைத்தால் அழுகல் முந்திக்கொள்ளும். நாலு நாள் முறங்களை நகர்த்தி நகர்த்தி வைத்தோம். உங்கள் கைக்குழந்தை அழுதால் நான் தூக்கினேன். ஒரே உலையில் சோறு பொங்கினோம்.

வெட்டுவாய் தோல் கட்டியதும், தொட்டிகளின் அடித்துளையைக் குத்தித் திறந்து, செங்கல் சில்லும் காய்ந்த ஆற்று மணலும் போட்டு நட்டோம். "ஒரு வாரத்துக்குச் சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது" என்றீர்கள். ஐந்தாம் நாளே துரைசாணி வந்து இறங்கிவிட்டார்.

பதினோரு தொட்டிகள் காலி. பெரிய கள்ளி அடியோடு சரிந்து போயிருந்தது. அந்த இடத்தில் அவர் வெகுநேரம் நின்றார். பிறகு தன் புத்தகத் தமிழில், "யார் தண்ணீர் ஊற்றியது?" என்றார்.

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

"நாந்தாங்க" என்றீர்கள். "நான் மட்டுந்தாங்க."

"இனி நீ இதற்குள் கால் வைக்கக் கூடாது. உன் புருஷன் வரட்டும், பேசுகிறேன்."

துரைசாணி போனதும், "ஏன் நானும் ஊத்துனேன்னு சொல்லல?" என்று கேட்டேன். நீங்கள் காலித் தொட்டிகளை அடுக்கிக்கொண்டே சொன்னீர்கள்: "எனக்கு அவர் இருக்காரு, ரெண்டு ஏச்சு ஏசிட்டுச் சேத்துக்குவாரு. ஒன்னப் போகச் சொன்னா நீ எங்க போவ?"

பிழைத்த செடிகள் மாசியில் துளிர்த்தன. வேலை தப்பியது. ஆனால் ஊன்றுகோலோடு திரும்பிய அண்ணன் உங்களை ஏசியது ஒருநாளோடு முடியவில்லை. வருடக்கணக்கில், விருந்தாளி வந்தால்கூட, "இவ பூவாளியத் தொட்டா செடி செத்துரும்" என்று சிரிப்பார். நீங்களும் சிரிப்பீர்கள். நான் அடுக்களைக்குள் போய்விடுவேன். அண்ணன் சாகும்வரை நானும் ஊற்றியதை அவரிடம் சொல்லவில்லை. நீங்கள் கடைசியாகப் படுத்த படுக்கையில் என் கையைப் பிடித்திருந்தபோதும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் உங்கள் மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நானும் ஊற்றினேன் என்று சொன்னேன்.

"தெரியும் அத்தை. அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க. அத்தையா வாயத் தொறக்குற வரைக்கும் நீ கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். நான் சொல்வதற்காகவே நீங்கள் காத்திருந்தீர்கள் என்று தெரிந்ததும் அது கூடித்தான் போயிருக்கிறது. இறக்கி வைக்கவும் மனமில்லை, மதினி.