அழகிரி வாங்கி வந்த பன்

ஜூன் 9, திங்கள்
நாளைக்குக் குடலிறக்க ஆபரேசன். ராத்திரிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்றாள் நர்ஸ் கயல்விழி. "எங்காத்தாகூட என்னை இப்படிப் பட்டினி போட்டதில்லை அம்மணி" என்றேன். சிரிக்காமல் ஊசி குத்தினாள்.

குத்தட்டும். அடுத்த செவ்வாய்க்குள் நான் எழுந்து நடக்கணும். என் மில் சிநேகிதன் அழகிரிசாமி தன் மகனோடு அன்றைக்கு ஹைதராபாத்துக்கே குடிபோகிறான். நான் போகாமல் யார் அவனை ரயிலேற்றுவது?

ஜூன் 10, செவ்வாய்
விடியும்போது அழகிரி வந்தான். பையில் ஒரு பன், பிளாஸ்கில் டீ. அந்த நாளில் மில்லில் நைட் ஷிப்ட் விட்டதும் கேட்டுக்கு வெளியே நின்று ஆளுக்குப் பாதி தின்போம். எத்தனை வருசம்!

"இன்னைக்கு வேண்டாம்டா" என்றேன்.

"ஒரு வாய்டா பாலுசாமி. இனி எப்போ?"

தலையெல்லாம் மில் பஞ்சோடு நின்ற அந்தக் காலத்து அழகிரிதான் கண்ணுக்குத் தெரிந்தான். தின்றுபோட்டேன்.

சும்மா இருந்தேனா? யாருக்கும் சொல்லமாட்டேன் என்று கயல்விழியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு பெருமையடித்தேன். அவள் முகம் செத்துப்போச்சு. நேராக டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

வாரம் ஒருநாள்தான் இங்கே ஆபரேசனாம், அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிப்போச்சு. அன்றைக்குத்தான் ரயில்.

ஜூன் 11
அவளோடு பேசவில்லை.

ஜூன் 13, வெள்ளி
சர்க்கரை ஏறிக்கிடக்கிறதாம், என்னை ஊட்டுக்கு விடலை. பன் கதை தெரிந்ததிலிருந்து அழகிரியை அவன் மகன் சசிதர் இந்தப் பக்கமே விடுவதில்லையாம்.

கயல்விழியிடம் கேட்டுப்போட்டேன். "சத்தியம் பண்ணிப்போட்டுச் சொல்லலாமா?"

"பண்ணுனதுதான் தப்புங்க தாத்தா. மயக்கத்துல வாந்தி வந்து நெஞ்சுக்குள்ள போயிருந்தா? நீங்க பேசாம இருக்கறதுல எனக்குச் சோறே இறங்கலைங்க."

திட்டத்தான் கூப்பிட்டேன். திட்ட வரலை.

ஜூன் 17, செவ்வாய்
"ஏதாவது சாப்பிட்டீங்களா?" டாக்டர் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு பொய் போதும். இன்றைக்கும் தள்ளிப்போகும். சாயந்திரம் ஸ்டேசனுக்கு நழுவிவிடலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

கயல்விழி பேனாவோடு நின்றாள். "தாத்தா சொல்றதைத்தானுங்க எழுதுவேன்" என்றாள் அவரிடம்.

எனக்கும் டாக்டருக்கும் நடுவில் இவளை இன்னொரு தரம் நிறுத்த மனசு வரலை.

"ஒண்ணும் சாப்பிடலைங்க."

ஸ்ட்ரெச்சர் வருது.

ஜூன் 18
இந்நேரம் அழகிரி போய்ச் சேர்ந்திருப்பான்.

"வலிக்குதுங்களா தாத்தா?"

"ஆமாங் கண்ணு."

தையல் என்று நினைத்து மாத்திரை கொடுத்தாள். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.